இறுகும் தோளும் மடங்காத விரலும்: நீரிழிவு மூட்டுகளைத் தொடும்போது

நீரிழிவு நோய் என்றவுடன் கண், சிறுநீரகம், இதயம், பாதம் ஆகிய நான்கும் நம் நினைவுக்கு வருகின்றன. மருத்துவமனைச் சுவர்களில் தொங்கும் விழிப்புணர்வுப் பலகைகளும் பெரும்பாலும் இந்நான்கைப் பற்றியே பேசுகின்றன. தோள்பட்டையைப் பற்றியும் விரல் மூட்டுகளைப் பற்றியும் எவரும் அதிகம் சொல்வதில்லை. அதனால், கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியாமல் போகும்போது, அதற்கும் தம் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பலர் எண்ணுவதில்லை. 'இரவில் கோணலாகப் படுத்திருப்பேன்', 'தண்ணீர்க் குடம் தூக்கியதில் சுளுக்கிக்கொண்டது', 'வயதாகிவிட்டது, வாயுப் பிடிப்பு' என்று ஏதேனும் ஒரு காரணத்தைத் தாமே கூறிக்கொண்டு மாதக்கணக்கில் பொறுத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்து சேரும்போது தோள் பாதிக்கு மேல் இறுகியிருக்கும்.

இது அரிதான தொல்லை அன்று. பொதுமக்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குத் தோள் இறுக்கம் ஏற்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களிடையே இந்த எண்ணிக்கை நூற்றுக்கு 10 முதல் 20 வரை உயர்கிறது. 2023ஆம் ஆண்டு வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்களின் தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டது என்று மதிப்பிட்டது. இவ்விரு கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால், இறுகிய தோளுடன் எத்தனை இல்லங்களில் எத்தனை பேர் உறக்கமின்றி இருப்பர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். நோயாளிகளும் அவர்களைப் பேணும் குடும்பத்தினரும் இதைப் புரிந்துகொண்டு உரிய காலத்தில் செயற்பட வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தோளுக்குள் நடப்பது என்ன?

நம் உடலில் மிக அதிகமாகச் சுழலக்கூடிய மூட்டு தோள்பட்டை. மேற்கை எலும்பின் பந்து போன்ற தலை, தோள் எலும்பின் ஆழமற்ற கிண்ணத்தில் அமர்ந்திருக்கிறது. இம்மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு. கையை எல்லாத் திசைகளிலும் வீசுவதற்கு இடம் கொடுக்கும் வகையில் இவ்வுறை தளர்வாகவும், அடிப்பகுதியில் மடிப்புகளுடனும் அமைந்துள்ளது. இந்த உறை அழற்சியுற்று, பின்னர் தடித்துச் சுருங்கிவிடுவதே தோள் இறுக்கம். தளர்ந்த சட்டைக்குள் இருந்த தோள், இப்போது இறுகிப்போன சட்டைக்குள் சிக்கிக்கொண்டது என்று கொள்ளலாம்.

மருத்துவ உலகம் இதனை நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் டூப்ளே 1872இல் இதனை விவரித்தார். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் காட்மன் 1934இல் 'ஃப்ரோசன் ஷோல்டர்', அதாவது 'உறைந்த தோள்', என்ற பெயரைச் சூட்டினார். இன்றும் மருத்துவச் சீட்டுகளில் அப்பெயரையே காண்கிறீர்கள். நோய் மூட்டின் உறையில்தான் உள்ளது என்பதை 1945இல் நெவியாசர் தெளிவுபடுத்தினார்.

இதில் சர்க்கரைக்கு என்ன வேலை? மூட்டுறை, தசைநாண், தோல் ஆகியவற்றுக்கு வலுவூட்டுவது கொலாஜன் என்னும் புரத இழை. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது அது இவ்விழைகளின்மீது ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் ஓர் இழையை அடுத்த இழையுடன் பிணைத்தும் விடுகிறது. சர்க்கரைப் பாகு பட்ட துணி காய்ந்தபின் விறைத்துப் போவதை நீங்கள் சமையலறையில் கண்டிருப்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல என்றாலும், விளைவு ஏறத்தாழ அத்தகையதே. கொலாஜன் இழைகள் எளிதில் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகவே, ஆண்டுக்கணக்கில் படிந்த பாதிப்பு சில வாரங்களில் நீங்குவதும் இல்லை. நீரிழிவு எவ்வளவு காலமாக உள்ளதோ, அவ்வளவுக்கு இத்தொல்லைக்கான வாய்ப்பும் கூடுகிறது.

மூன்று கட்டங்கள்

தோள் இறுக்கம் பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் சற்று அதிகமாகக் காணப்படுகிறது. தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் வாய்ப்பு மிகுதி.

முதலாவது, வலி மேலோங்கிய கட்டம். இது 2 முதல் 9 மாதங்கள் வரை நீடிக்கலாம். தோளிலும் மேற்கையின் வெளிப்புறத்திலும் வலி இருக்கும். இரவில் வலி கூடும். அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க இயலாது. எதிர்பாராமல் கையை விரைந்து நீட்டினால் மின்னல் வெட்டினாற்போல் வலி பாயும்.

இரண்டாவது, இறுக்கக் கட்டம். இது 4 முதல் 12 மாதங்கள் வரை இருக்கும். வலி மெல்லக் குறைய, அசைவும் குறைந்துவிடும். வலி தணிந்ததை நோய் தீர்ந்ததாக எண்ணிச் சிகிச்சையை நிறுத்திவிடுபவர் பலர். உண்மையில் தோள் மிகவும் இறுகியிருக்கும் காலம் இதுவே.

மூன்றாவது, இளகும் கட்டம். இது 5 மாதங்கள் முதல் 2 ஆண்டுகள் வரை ஆகலாம். இழந்த அசைவுகள் சிறிது சிறிதாகத் திரும்புகின்றன.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இக்காலங்கள் நீளக்கூடும். இரு தோள்களும் அடுத்தடுத்துப் பாதிக்கப்படுவதும் அவர்களிடையே அதிகம். முழுமையாகத் திரும்பாமல் ஓரளவு இறுக்கம் எஞ்சிவிடுவதும் உண்டு. 'தானாகச் சரியாகிவிடும்' என்ற ஆறுதல் மொழியை அவர்கள் அப்படியே நம்பியிருக்க இயலாது என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அடையாளங்கள் சில உள்ளன. சட்டைக் கையில் கையை நுழைப்பது, பின்னால் கைவைத்து உள்ளாடைக் கொக்கியை மாட்டுவது, சடை பின்னுவது, குளிக்கும்போது முதுகைத் தேய்ப்பது, பேருந்தில் மேற்கம்பியைப் பிடிப்பது, பரணிலிருந்து பாத்திரம் எடுப்பது ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகக் கடினமாகும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கையைக் கதவு திறப்பதுபோல் வெளிப்புறமாகத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கக் கையைவிட அது வெகுவாகக் குறைந்திருந்தால் மூட்டுறை இறுகியிருக்க வாய்ப்புண்டு. தசைநாண் கிழிந்த தோளை நோயாளியால் உயர்த்த முடியாவிட்டாலும், பிறர் பிடித்து உயர்த்தினால் பெரும்பாலும் உயரும். இறுகிய தோளோ யார் உயர்த்தினாலும் ஓரளவுக்கு மேல் அசையாது. மருத்துவர் உங்கள் கையைத் தாமே பிடித்து அசைத்துப் பார்ப்பதன் நோக்கம் இந்த வேறுபாட்டைக் கண்டறிவதே.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே கூறிவிடுகிறோம். தோள்வலி அனைத்தும் மூட்டுவலி அன்று. கையை அசைக்காதபோதும் திடீரெனத் தோன்றி, மார்பு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் ஆகியவற்றுடன் வரும் தோள்வலி மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி தெளிவாகத் தெரியாமலேயே மாரடைப்பு நேர்வதும் உண்டு. அத்தகைய வேளையில் தைலம் தேய்த்துக் காத்திராமல் உடனே 108க்கு அழையுங்கள்.

கும்பிடும் கை காட்டும் குறி

இரு கைகளையும் கூப்பி வணக்கம் சொல்லுங்கள். உள்ளங்கைகளும் விரல்களும் இடைவெளியின்றி ஒட்டுகின்றனவா? விரல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் விரல் மூட்டுகள் இறுகியுள்ளன என்று பொருள். நீரிழிவு உள்ள இளைஞர்களிடம் இத்தகைய மூட்டிறுக்கத்தை ரோசன்புளூம், ஃப்ரையஸ் ஆகிய மருத்துவர்கள் 1974இல் விவரித்தனர். இதில் வலி குறைவு. கைத்தோல் தடித்து மெழுகு பூசினாற்போல் தோன்றும். வலி இல்லாததால் எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், விரல்கள் இவ்வாறு இறுகியவர்களுக்குக் கண்ணிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே, கூப்பிய கை ஒட்டவில்லை என்றால் விழித்திரைப் பரிசோதனையையும் சிறுநீர்ப் புரதப் பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டாம்.

கைகளில் வேறு சில தொல்லைகளும் நீரிழிவுடன் கூடி வருகின்றன. மடக்கிய விரல் நீட்டும்போது மாட்டிக்கொண்டு 'டக்' என்று விடுபடுவது ஒன்று. உள்ளங்கையில் முடிச்சுகளும் பட்டைகளும் தோன்றி, நடுவிரலையும் மோதிர விரலையும் உள்நோக்கி இழுப்பது மற்றொன்று. மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு, பெருவிரல் முதல் நடுவிரல் வரை மரத்துப்போவதும், நள்ளிரவில் எழுந்து கையை உதறிக்கொள்ள நேர்வதும் மூன்றாவது. இவை அனைத்துக்கும் சிகிச்சை உண்டு. 'சர்க்கரையால் வரும் மரமரப்பு' என்று பொதுவாகக் கூறி ஒதுக்கிவிட்டால், எளிதில் நீக்கக்கூடிய நரம்பு நெருக்கம்கூடக் கவனிக்கப்படாமல் போய்விடும்.

வெப்பமாக வீங்கும் பாதம்

நீரிழிவு தொடும் மூட்டுகளில் மிகப் பெரிய இழப்பை விளைவிப்பது பாத மூட்டு. நரம்புகள் உணர்விழந்த பாதத்தில், சிறு அடி அல்லது சுளுக்குக்குப் பின், எலும்புகளும் மூட்டுகளும் உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கலாம். 1868இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ நரம்பு நோயால் சிதையும் மூட்டுகளை விவரித்ததால் இதற்கு 'ஷார்கோ பாதம்' என்று பெயர். 1936இல்தான் இதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு எழுதப்பட்டது.

ஒரு பாதம் மட்டும் திடீரென வீங்கி, சிவந்து, மற்றப் பாதத்தைவிட வெப்பமாக இருக்கும். வலியோ மிகக் குறைவு. வலி இல்லாததால் நோயாளி தொடர்ந்து நடக்கிறார். ஒவ்வோர் அடியிலும் எலும்புகள் மேலும் நொறுங்கி, பாதத்தின் வளைவு தட்டையாகி, பின்னர் அவ்விடத்தில் புண் தோன்றுகிறது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே இயல்பாகத் தெரியக்கூடும். எனவே, நீரிழிவு உள்ளவரின் ஒரு பாதம் புண்ணில்லாமலும் வலியில்லாமலும் வெப்பமாக வீங்கினால், அன்றே அப்பாதத்தை ஊன்றாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். பாதம் முழுவதையும் அணைத்தவாறு போடப்படும் மாவுக்கட்டும், எடை தாங்காமல் பல மாதங்கள் காப்பதும் பாதத்தைக் காப்பாற்றுகின்றன.

இதேபோல், எந்த மூட்டாயினும் காய்ச்சலுடன் சிவந்து, வீங்கி, தொட முடியாத வலியுடன் இருந்தால் அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். அதுவும் அவசர சிகிச்சைக்கு உரியதே.

பரிசோதனைகள்

தோள் இறுக்கத்தைக் கண்டறிவதற்குப் பெரும்பாலும் மருத்துவரின் கைகளே போதும். எலும்புத் தேய்மானம், எலும்பு முறிவு, சுண்ணாம்புப் படிவு போன்றவை இல்லை என்று உறுதி செய்ய எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. எல்லோருக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் தேவைப்படாது. கடந்த 2, 3 மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் உடன் செய்யப்படும்.

இதுவரை நீரிழிவு இல்லை என்று கருதியிருந்த ஒருவருக்குத் தெளிவான காரணமின்றித் தோள் இறுகினால், அவருக்கும் இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது நல்லது. தோள் காட்டிய வழியில் சென்று நீரிழிவைக் கண்டறிந்தவர்களும் உண்டு.

சிகிச்சை எவ்வாறு அமையும்?

வலி மேலோங்கிய கட்டத்தில் வலியைத் தணிப்பதே முதல் நோக்கம். வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி வாரக்கணக்கில் உட்கொள்வதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகள் பலவும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. நீரிழிவு உள்ளவர்களின் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதைச் சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவரே கூறட்டும்.

மூட்டுக்குள் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி, குறிப்பாக ஆரம்ப மாதங்களில், நல்ல பயன் தருகிறது. ஆனால், அது சில நாள்களுக்கு இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். ஊசி போட்டபின் ஒரு வாரம் வரை வீட்டிலேயே சர்க்கரையை அடிக்கடி பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மிக உயர்ந்திருக்கும் நிலையில், முதலில் அதைக் குறைத்துவிட்டு ஊசி போடலாம் என்று நாங்கள் கூறுவதுண்டு. அது சிகிச்சை மறுப்பு அன்று. உங்கள் பாதுகாப்புக்கான காத்திருப்பு.

சுருங்கிய உறைக்குள் உப்பு நீர்மத்தைச் செலுத்தி விரிவடையச் செய்வது, மயக்க மருந்து கொடுத்து மூட்டை அசைத்து விடுவிப்பது, நுண்துளை வழியாகக் கருவி செலுத்தி உறையை வெட்டித் தளர்த்துவது ஆகியவை அடுத்த படிகள். பல மாதச் சிகிச்சைக்குப் பின்னும் இளகாத தோளுக்கே இவை தேவைப்படுகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பின்னரும் பயிற்சி தவறினால் தோள் மீண்டும் இறுகிவிடும்.

சுளுக்கு எடுப்பவரிடம் சென்று தோளை முறுக்கி விடுவதை முற்றிலும் தவிர்க்கவும். மயக்க மருந்தின்கீழ், பயிற்சி பெற்ற மருத்துவர் செய்யும்போதே கை எலும்பு முறியும் ஆபத்து உண்டு. எலும்பு வலு குன்றிய முதியவரின் தோளை வலுக்கட்டாயமாக இழுப்பதன் விளைவைக் கூற வேண்டியதில்லை.

வீட்டில் செய்யும் பயிற்சிகள்

இயன்முறை மருத்துவர் உங்கள் தோளைப் பார்த்து வகுத்துத் தரும் பயிற்சிகளே முதன்மையானவை. அவற்றுள் வழக்கமாக இடம்பெறும் நான்கை இங்குக் கூறுகிறோம். வெந்நீர்க் குளியலுக்குப் பின் செய்தால் எளிதாக இருக்கும்.

1. ஊசல்: நல்ல கையை மேசைமீது ஊன்றி முன்னால் குனியுங்கள். வலியுள்ள கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சிறு வட்டங்களாக இருபுறமும் பத்துப் பத்து முறை சுழற்றுங்கள்.

2. சுவரேறும் விரல்கள்: சுவரை நோக்கி நின்று, விரல்களால் சுவரில் எறும்பு ஊர்வதுபோல் மேலேறுங்கள். எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்துவைத்தால் வாரந்தோறும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

3. கோல் பயிற்சி: மல்லாந்து படுத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரு கைகளாலும் ஒரு கோலைப் பிடியுங்கள். நல்ல கையால் கோலைத் தள்ளி, மற்றக் கையை வெளிப்புறமாகத் திருப்புங்கள்.

4. துண்டுப் பயிற்சி: முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டின் மேல்முனையை நல்ல கையாலும் கீழ்முனையை வலியுள்ள கையாலும் பிடித்து, மெதுவாக மேலே இழுங்கள். வலி மேலோங்கிய கட்டத்தில் இதனைத் தவிர்த்து, பின்னர் தொடங்கலாம்.

ஒரே வேளையில் நெடுநேரம் செய்வதைவிட, நாளுக்கு மூன்று வேளை சிறிது நேரம் செய்வது மேல். இலேசாக இழுப்பது போன்ற உணர்வு இருக்கலாம். பயிற்சி முடிந்தபின்னும் நெடுநேரம் வலி நீடித்தாலோ, அன்றிரவு உறக்கம் கெட்டாலோ, அளவு மிகுந்துவிட்டது என்று உணர்ந்து குறைத்துக்கொள்ளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்யும் பயிற்சி தோளை விரைவில் திறப்பதில்லை, அழற்சியையே கூட்டுகிறது.

ஒத்தடம் கொடுப்போர் கவனிக்க: நரம்பு உணர்வு குன்றியவருக்குச் சூடு தெரியாது. உப்பு ஒத்தடமோ வெந்நீர்ப் பையோ, குடும்பத்தினர் ஒருவர் முதலில் தம் கைமேல் வைத்துப் பார்த்த பின்னரே கொடுக்க வேண்டும்.

பேணுவோருக்குச் சில சொற்கள்

இறுகிய தோளுக்கு வெளியே தெரியும் காயம் இல்லை, வீக்கம் இல்லை, கட்டும் இல்லை. அதனால், 'சும்மா சொல்கிறார்', 'வேலைக்குச் சோம்பல்' என்ற எண்ணம் வீட்டில் எளிதில் தோன்றிவிடுகிறது. பல மாதங்கள் இரவு உறக்கமின்றி இருப்பவர் எரிச்சலுடன் பேசுவதும் இயல்பே. வலியைவிட, வலியை எவரும் நம்பவில்லை என்பதே பெரிய துன்பம் என்று எங்களிடம் கண்கலங்கிய பெண்கள் பலர். சர்க்கரை கட்டுக்குள் இல்லாததற்கு உணவு மட்டுமே காரணம் என்று கருத வேண்டாம். உறக்கமின்மையும் தீராத வலியும் சர்க்கரையை உயர்த்தக்கூடியவை.

சிறு மாற்றங்கள் பெரிதும் உதவும். அன்றாடம் எடுக்கும் பாத்திரங்களை இடுப்பளவு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். பின்கொக்கிக்குப் பதிலாக முன்கொக்கி வைத்த உடைகளைத் தைத்துக்கொள்ளலாம். உடுத்தும்போது வலியுள்ள கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். படுக்கும்போது வலியுள்ள கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் இழுவை குறையும். இன்சுலின் போட்டுக்கொள்பவர், கை எட்டும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்திக்கொள்கிறாரா என்று பாருங்கள். அவ்விடம் கட்டியாகி மருந்து சரிவர உறிஞ்சப்படாமல் போகும். வயிற்றில் இடம் மாற்றி மாற்றிப் போட உதவுங்கள்.

எலும்பு முறிவு, பக்கவாதம், மார்பக அல்லது இதய அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் தோள் இறுகும். நீரிழிவும் சேர்ந்திருந்தால் ஆபத்து கூடும். எந்நாளிலிருந்து கையை அசைக்கலாம் என்பதை வீடு திரும்பும் நாளிலேயே கேட்டறியுங்கள்.

சர்க்கரை குறைந்தால் தோள் திறக்குமா?

பலரும் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. சர்க்கரை குறைந்த மறுநாளே இறுகிய உறை இளகிவிடாது. ஏற்கெனவே பிணைந்த இழைகள் உடனே பிரிவதில்லை. ஆயினும், கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை மேலும் மேலும் பாதிப்பு படிவதைத் தடுக்கிறது. ஸ்டீராய்டு ஊசியையும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையையும் பாதுகாப்பாகச் செய்ய வழிவிடுகிறது. கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கிறது. தோளுக்குப் பயிற்சியும் உடலுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடும் இணைந்து செல்ல வேண்டியவை. ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால் பயன் பாதியாகிவிடும்.

அடுத்த முறை நீரிழிவுப் பரிசோதனைக்கு வரும்போது, சர்க்கரைக் குறிப்பேட்டைக் காட்டியவுடன் எழுந்துவிடாதீர்கள். கைகளைக் கூப்பிக் காட்டுங்கள். இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டுங்கள். காலணியைக் கழற்றிப் பாதங்களைக் காட்டுங்கள். இதற்கு இரண்டு நிமிடங்கள் போதும். தோளோ விரலோ பாதமோ வழக்கத்திற்கு மாறாக உள்ளது என்று நீங்கள் சொன்னால், அதைக் கேட்பதும் எங்கள் கடமையின் ஒரு பகுதியே. தயங்காமல் சொல்லுங்கள்.